புதுப்பிப்பு: சும்மா இருக்கும் கணினி யாரோடு பேசியது?

போன வாரம் புலம்பியிருந்தேன்: என் லினக்ஸ் கணினி சும்மா இருக்கும்போதும் ஏதோ அந்நிய முகவரியின் 80ஆம் போர்ட்டுக்கு (இணையப் பக்கங்களுக்கான வாசல் எண்) இணைப்பு போகிறது, யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று. ஆள் அகப்பட்டுவிட்டார்.

எந்த நிரல் யாரோடு இணைந்திருக்கிறது என்று காட்டும் எஸ்எஸ் (ss) கட்டளையைச் சாதாரணப் பயனராக இயக்கியதுதான் என் தவறு. அப்படிச் செய்தால் ரூட் என்ற முழு அதிகார நிர்வாகிக் கணக்கில் ஓடும் நிரல்களின் பெயர் தெரியாது. காலியாக இருந்த இடத்தில் நானே பேயை உட்காரவைத்தேன். இம்முறை நிர்வாகி அதிகாரம் தரும் சூடோவைச் சேர்த்து, அரை நொடிக்கொரு தடவை ஓடவிட்டேன். இணைப்பு போன நேரங்கள்: 10:05, 10:10, 10:15. திருடன் இவ்வளவு நேரம் தவறாமல் வரமாட்டான். கணினியின் இணைய இணைப்பைக் கவனித்துக்கொள்ளும் நெட்வொர்க் மேனேஜர் நிரல்தான் அது! இணையம் உயிரோடு இருக்கிறதா என்று 300 நொடிக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் (SSH) சேவையின் பதிவில் ரூட், அட்மின், டெஸ்ட் என்ற பெயர்களில் தோற்றுப்போன நுழைவு முயற்சிகள், பக்கம் பக்கமாக. ரவுட்டரில் அந்தச் சேவைக்கான 22ஆம் போர்ட்டை எப்போதோ திறந்துவைத்து மறந்தது சாட்சாத் நானேதான். மூடிவிட்டேன். கடவுச்சொல் நுழைவையும் நிறுத்தி, சாவிக் கோப்பு இருந்தால் மட்டும் உள்ளே விடும்படி மாற்றிவிட்டேன். வெற்றிபெற்ற நுழைவுகள் எல்லாம் என்னுடையவையே. எனவே எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவும் எண்ணத்தை இப்போதைக்குக் கைவிட்டேன்.