ஒரே சேர் வைத்த பல் கிளினிக்: நோட்டு நிறையப் பெயர் இருந்தும் கையில் காசு நிற்பதில்லை

கேள்வி:
கும்பகோணம் பக்கம் மூன்று வருடமாக ஒரே டென்டல் சேரோடு கிளினிக் நடத்துகிறேன். காலை 10 முதல் 1, மாலை 5 முதல் 9. காலையில் ஐந்து பேருக்கு நேரம் கொடுத்தால் இரண்டு பேர் வருவதில்லை, மாலை ஆறரைக்கு மேல் சொல்லாமல் கொள்ளாமல் ஐந்தாறு பேர் ஒன்றாக வந்துவிடுகிறார்கள். அஷ்டமி, அமாவாசை என்றால் பல் பிடுங்க ஒருவரும் வரமாட்டார்கள். வாடகை, சம்பளம், லேப் பில், இஎம்ஐ போக போன மாதம் மிஞ்சியது 18,000 ரூபாய். இரண்டாவது சேர் போட்டால் சரியாகுமா?

சேலம் டாக்டர்:
இப்போது வேண்டாம் மேடம். நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் போகிற பணம் மாதம் 70,000 என்று வையுங்கள். நாளுக்கு 7 மணி நேரம், 25 நாள், மொத்தம் 175 மணி நேரம், அதாவது மணிக்கு 400 ரூபாய். ஆனால் சேரில் ஆள் இருப்பது 80 மணி நேரம்தான் என்றால் அதே செலவு மணிக்கு 875. இருக்கிற சேரே பாதி நேரம் காலி, இன்னொன்று எதற்கு?

வராமல் போனவர்கள் என்ன வேலைக்கு வர வேண்டியவர்கள் என்று நோட்டைப் புரட்டிப் பாருங்கள். என் கிளினிக்கில் பெரும்பாலும் ரூட் கெனால் இரண்டாவது சிட்டிங்தான். முதல் நாள் நரம்பை எடுத்து மருந்து வைத்ததும் வலி நின்றுவிடுகிறது, அவரைப் பொறுத்தவரை வைத்தியம் முடிந்தது, ஆறு மாதம் கழித்து தற்காலிக சிமெண்ட் போய், பல் உடைந்து, பிடுங்கத்தான் வருகிறார். காப்பாற்றியிருக்கக்கூடிய பல் அது, எனக்கு அதுதான் பொறுக்காது. அதனால் முதல் நாளே எக்ஸ்ரேயைக் காட்டிப் புரியவைத்து, பாதித் தொகையை வாங்கிவிடுங்கள். சீழ் இல்லாத, சிக்கலில்லாத பல்லை ஒரே சிட்டிங்கில் முடிக்க காலையில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஆறரைக்கு மேல் வலியோடு வருபவர், தையல் பிரிப்பது, கேப் ஒட்டுவது மட்டும்.

ரிசப்ஷன் அக்கா:
நான் டாக்டர் இல்லை, ஒரு பல் கிளினிக்கில் ஃபோன் எடுப்பவள். வாட்ஸ்அப் மட்டும் அனுப்பினால் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள் மேடம். "நாளைக்கு வருவீங்களா" என்றால் எல்லோரும் வருவேன் என்றுதான் சொல்வார்கள். "பதினோரு மணிக்கு உங்களுக்காக நேரம் வைச்சிருக்கோம், எந்த பஸ்ல வர்றீங்க" என்று கேட்பேன், வர முடியாதவர் அப்போதே சொல்லிவிடுவார், அந்த நேரத்துக்கு வேறு ஒருவரைக் கூப்பிட்டுவிடுவேன். அப்புறம், தினசரி காலண்டரை வைத்துக்கொண்டுதான் நோட்டு எழுதுகிறோம். அஷ்டமி, நவமியில் கிளீனிங், கேப் அளவு, கிளிப் ரிவ்யூ, அதற்கெல்லாம் யாரும் நாள் பார்ப்பதில்லை.

ஈரோட்டுக்காரர்:
உங்களிடம் பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸ் எத்தனை? இரண்டே இருந்தால் ஆட்டோகிளேவில் (நீராவியில் கிருமி நீக்கும் கருவி) வைத்து முடிந்து காயும்வரை அடுத்தவரைத் தொட முடியாது, மாலை நெரிசலுக்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கலாம். சேரை விட இன்னும் இரண்டு ஹேண்ட்பீஸ் மிகவும் மலிவு. இன்னொன்று, வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் (உத்தேச லாபக் கணக்கு) ஆடிட்டர் வரவில் பாதியை லாபமாகக் காட்டியிருப்பார், அது வரிக்கான கணக்கு, அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. நோட்டை எண்ணிவிட்டேன், போன மாதம் வராதவர்கள் 31, அதில் 19 ரூட் கெனால் இரண்டாவது சிட்டிங். ஹேண்ட்பீஸும் இரண்டுதான். அந்த 19 பேருக்கும் இன்று மாலை நானே ஃபோன் செய்யப்போகிறேன்.