கார்டு பாக்கி 1,20,000: பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் மறுக்கிறார்கள்

கேள்வி: மாத வட்டி 3.5%. மினிமம் 6,000 மட்டும் கட்டிவருகிறேன். பாக்கியைக் குறைந்த வட்டியில் வேறு வங்கியின் கார்டுக்கு மாற்ற (பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர்) கேட்ட மூன்று வங்கிகளும் கைவிரித்துவிட்டன. வேறு வழி உண்டா?

பதில் 1: கணக்கைப் பாருங்க. வட்டி 4,200, அதன்மேல் 18% ஜிஎஸ்டி 756. நீங்கள் கட்டும் 6,000-இல் அசல் குறைவது வெறும் 1,044! கார்டை இனித் தொடாதீர்கள். பாக்கி இருக்கும்வரை புதுச் செலவுக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். நாலாவது வங்கிக்கும் விண்ணப்பிக்க வேண்டாம், விண்ணப்பத்துக்காக வங்கி செய்யும் ஒவ்வொரு விசாரணையும் சிபில் ஸ்கோரை (கடனைத் திருப்பிக் கட்டும் நம்பகத்தன்மைக்கான மதிப்பெண்) கொஞ்சம் குறைக்கக்கூடும்.

பதில் 2: வீட்டில் நகை இருந்தால் வங்கியில் அடகு வைத்து மொத்தமாக அடைத்துவிடுங்க. அதன் வட்டி பெரும்பாலும் கார்டு வட்டியில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

பதில் 3: நகை இல்லையென்றால் கார்டு கொடுத்த வங்கியிடமே பாக்கியை இஎம்ஐ-ஆக மாற்றக் கேளுங்கள். ப்ராசசிங் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். செட்டில்மென்ட் (பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் கட்டி முடித்துக்கொள்வது) மட்டும் வேண்டவே வேண்டாம். சிபிலில் 'செட்டில்டு' என்று பதிந்தால் அடுத்த கடன் கிடைப்பது கஷ்டம்.