சதுர அறையில் பாஸ் மட்டும் குமுறுகிறது

கேள்வி: என் அறை 10-க்கு 10 அடி, உயரமும் கிட்டத்தட்ட 10. சுவரை ஒட்டி உட்கார்ந்தால் பாஸ் (பாட்டின் கனத்த அடி ஒலி) குமுறுகிறது, நடுவில் வந்தால் காணாமல் போகிறது. ஸ்பீக்கரை மாற்ற வேண்டுமா?

பதில்: ஸ்பீக்கர் மேல் தப்பில்லை. ஒலி நொடிக்குச் சுமார் 1,130 அடி போகும், அதை அறை நீளத்தின் இரு மடங்கான 20-ஆல் வகுத்தால் சுமார் 56 ஹெர்ட்ஸ், உங்கள் அறை அதிரும் அலைவெண் அதுதான். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்று என்பதால் மூன்றும் சேர்ந்து அதே 56-இல்தான் அதிரும், அறையின் சரியாக நடுவில் அந்த ஒலி அமுங்கிப் பள்ளம் விழும். நாற்காலியைப் பின்சுவரிலிருந்து மூன்றரை அடி தள்ளிப் போட்டுப் பாருங்கள்.

இன்னொருவர்: ஸ்பீக்கரையும் மூலையிலிருந்து வெளியே இழுங்கள். திரைச்சீலை, கம்பளம் எல்லாம் ட்ரெபிளை, அதாவது கீச்சென்ற மேல் ஒலியைத்தான் அடக்கும், 56-ஐ அசைக்காது.

கேட்டவர்: இழுத்தேன், பாதிக் குமுறல் போய்விட்டது. சரி, இப்போது பீரோ கதவுதான் திறக்க மாட்டேன் என்கிறது!