ரீசீட்: மறுபொருத்தலா, கழற்றிச்செருகலா?

கலைச்சொல் குழும அன்பர்களுக்கு வணக்கம்.

மடிக்கணினிப் பழுதுபார்ப்புக் கையேட்டில் திரைப் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு சொல்லில் வண்டி நின்றுவிட்டது: ரீசீட் (reseat). அதாவது, இணைப்பானை (கனெக்டரை) எடுத்துவிட்டு அதே இடத்தில் மறுபடி ஒழுங்காக அழுத்தி வைப்பது. ஒலிபெயர்த்து அப்படியே போட்டேன். வரைவைப் படித்த அக்கா, "இங்க எதுக்குடா ரசீது?" என்று கேட்டார். சரி, தமிழில் ஒன்று வேண்டும்.

இதற்குக் குழுமத்தில் ஒருவர் தந்த முன்மொழிவு 'மறுபொருத்தல்'. எனக்கு அது ஒட்டவில்லை. ஏன் என்று சொல்ல என் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

தண்டையார்பேட்டையில் கடற்காற்று நேராக வீட்டுக்குள் வரும். ஜன்னல் கம்பியே பொருக்குப் பொருக்காக உதிர்கிறது, மடிக்கணினி எம்மாத்திரம்? ஒருநாள் திரையில் நெடுக்குக் கோடுகள். மூடியைச் சற்றுச் சாய்த்தால் போய்விடும், நிமிர்த்தினால் வந்துவிடும். ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல் "பேனல் போச்சு சார், 6,500 ஆகும்" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து எச்டிஎம்ஐ வழியாகத் தொலைக்காட்சியில் இணைத்தேன். படம் பளிச்சென்று வந்தது, ஆக வரைகலைச் சில்லு நலம். இயங்குதளம் ஏறுவதற்கு முந்தைய பயாஸ் திரையிலும் கோடு இருந்தது, எனவே டிரைவர் மென்பொருள் மீதும் பழி போட முடியாது. மூடியின் கோணத்தோடு கோடும் மாறுகிறதென்றால், சந்தேகம் முதலில் கீல் வழியாகப் போகும் கேபிள் மேல்தான் விழும். திறந்து மூடித் திறந்து மூடி அது தேயலாம், அல்லது அதன் முனையில் இணைப்பான் நெகிழலாம். தேய்ந்திருந்தால் கேபிளை மாற்றத்தான் வேண்டும். நெகிழ்ந்திருந்தால் நம் கையே போதும்.

சார்ஜரைப் பிடுங்கி, உள்ளே பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டேன். (இதை மறந்து திரை இணைப்பில் கை வைத்தால், திரைக்குப் பின்னிருந்து வெளிச்சம் தரும் பின்னொளிச் சுற்றின் ஃபியூஸ் போய்விடக்கூடும். அப்புறம் கடைக்காரர் சொன்னது பலித்துவிடும்.) பழைய ஏடிஎம் அட்டையால் திரையைச் சுற்றியுள்ள சட்டத்தை நெம்பி, திருகாணிகளைக் கழற்றித் திரையை முன்னால் சாய்த்தேன். பின்பக்கம் ஒட்டுநாடாவுக்கு அடியில் 30 முனை இணைப்பான். அதன் ஒரு ஓரம் தலைமுடி அளவுக்கு வெளியே வந்திருந்தது. மேலே தூக்காமல், திரைக்கு இணையாக மெல்ல இழுத்து எடுத்தேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் முனைகளைத் துடைத்து, காயவிட்டு, நேராகச் செருகி, நாடாவை ஒட்டினேன். கோடு போய் 8 மாதமாகிறது.

இப்போது சொல்லுக்கு வருவோம். வேலையில் பாதி கழற்றுவதிலும் துடைப்பதிலும் இருக்கிறது. 'மறுபொருத்தல்' அந்தப் பாதியை முழுங்கிவிடுகிறது. படிப்பவர் இணைப்பானை மேலாக ஒரு அழுத்து அழுத்திவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார். அதைவிட மோசம், 'திரையை மறுபொருத்துக' என்றால் புதுத் திரை வாங்கிப் பொருத்தச் சொல்வதாகவும் புரிந்துகொள்ளலாம். அந்தச் செலவைத் தவிர்க்கத்தானே இந்தப் பகுதியே!

இன்னொருவர் தந்த 'மீளிருத்தல்' ஆங்கில நாற்காலியை அப்படியே தூக்கி வந்திருக்கிறது. பழைய குடித்தனக்காரர் திரும்பி வந்ததுபோல் ஒலிக்கிறது. நம்மிடமும் 'மூடி சரியா உட்காரலை' என்ற வழக்கு உண்டுதான், ஆனால் அது விளைவைச் சொல்வது. 'இணைப்பான் சரியாக உட்கார்ந்ததா எனப் பார்க்கவும்' என்ற இடத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் பக்கத்து செல்போன் கடைகளில் சொல்வது 'கழட்டி மாட்டிப் பாரு'. சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் மாட்டுவது ஆணியில் சட்டையை. இந்த இணைப்பான் போவது உறைக்குள் கத்தி போவதுபோல, ஆகவே செருகு. வினைக்குக் 'கழற்றிச் செருகு', பெயருக்குக் 'கழற்றிச்செருகல்'. என்ன சொல்கிறீர்கள்?

---

> வினையெச்சத்தோடு வரும் தொடர் கலைச்சொல் ஆகாது, தம்பி. நீளமும் அதிகம். 'கேபிள்' என்பதையும் அப்படியே விட்டிருக்கிறீர்கள். வடம் இருக்கிறதே?

ஐயா, நீளம் உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வினையெச்சம் தடையில்லை. 'எடுத்துக்காட்டு' எப்படி வந்தது? 'கண்டுபிடிப்பு'? எடுத்து, கண்டு இரண்டுமே வினையெச்சங்கள்தாம். சேர்ந்து பெயராகி, இன்று யாரும் பிரித்துப் பார்ப்பதுகூட இல்லை. 'கழற்றிச்செருகல்' அதே அச்சில் வார்த்ததுதான்.

வடம் என்றதும் எனக்குத் திருவொற்றியூர்த் தேர்வடம்தான் கண்முன் வரும். இதுவோ சுண்டுவிரல் கனம்கூட இல்லை. ஆனாலும் 'திரைவடம்' என்று சேர்த்துச் சொன்னால் குழப்பம் இல்லை, எடுத்துக்கொள்கிறேன். 'ரிப்பன்' என்று எழுதுவதைவிட எவ்வளவோ மேல். பல மடிக்கணினிகளில் அது தட்டை நாடாவே இல்லை, மயிரிழைக் கம்பிகளின் கற்றை. தவிர, சென்னைக்காரருக்கு ரிப்பன் என்றால் மாநகராட்சி மாளிகை.

ஒரு திருத்தமும் சேர்க்கிறேன். திரை இருண்டு கிடந்து, டார்ச் அடித்துப் பார்த்தால் படம் மங்கலாகத் தெரிகிறதென்றால், பின்னொளி எரியவில்லை என்று பொருள். அங்கே திரைவடத்தைக் கழற்றிச் செருகினால் சரியாகலாம், ஆகாமலும் போகலாம். அதைத் தனிப் பத்தியாக எழுதுகிறேன்.

வரைவில் 'கழற்றிச்செருகல்', 'திரைவடம்' இரண்டையும் ஏற்றிவிட்டேன். இதைவிடச் சின்னதாக யாருக்காவது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று பக்கத்தைப் பூட்டிவிடுவேன்.