மழை விட்ட பிறகும் ஏறும் ஆறு: வசந்த கால இடிமழையில் பட்டவை

இந்த வார முன்னறிவிப்பில் இடிமழையும் ஆற்று வெள்ளமும் சேர்ந்தே வருகின்றன. அமெரிக்க நடுமேற்கில் நம்மவர்கள் பலருக்கு இது முதல் வசந்தம் என்பதால், பார்த்தவர்கள் பட்டதை எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

2025 ஏப்ரல் முதல் வாரம். கென்டக்கியில், ஃபிராங்ஃபர்ட் பக்கம் இருக்கிறோம். புதன்கிழமை இரவு டொர்னேடோ (சுழற்காற்று) வார்னிங் வந்து எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் அலறியது. இங்கே எச்சரிக்கை இரண்டு வகை: வாட்ச் என்றால் டொர்னேடோ வரக்கூடிய சூழ்நிலை இருக்கிறது, கவனமாக இரு என்று அர்த்தம். வார்னிங் என்றால் யோசிக்க நேரமில்லை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவைக் கைபிடித்து பேஸ்மென்ட்டில், அதாவது வீட்டின் நிலவறையில், ஜன்னல் இல்லாத மூலைக்கு இறக்கினோம். செருப்பைப் போட்டுக்கொண்டே இறங்குங்கள். உடைந்த கண்ணாடி மேல் வெறுங்காலோடு நடக்க வேண்டி வரலாம்.

அந்தப் பயம் கொஞ்ச நேரத்தில் முடிந்தது. முடியாதது மழைதான். குளிர்காற்றும் வெப்பக்காற்றும் மோதும் கோடு நகராமல் அங்கேயே படுத்துவிட்டது. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரம் வந்துகொண்டே இருந்தது. ஒரு இடிமேகம் கொட்டிவிட்டுப் போனால் அதே தடத்தில் அடுத்தது, ரயில் பெட்டிகள் மாதிரி. ஞாயிற்றுக்கிழமைதான் விட்டது. மறுநாள் அம்மா கேட்டார்: “மழைதான் விட்டுப்போச்சே, இன்னும் ஏன் ரோட்டை மூடி வச்சிருக்காங்க?”

நல்ல கேள்வி. கென்டக்கி ஆறு உச்சத்தைத் தொட்டதே அந்தத் திங்கட்கிழமைதான். ஆற்று மட்டம் 31 அடியைத் தொட்டால் வெள்ளம் என்று கணக்கு. அன்று 48 அடியைத் தாண்டியது. 1978 டிசம்பர் சாதனைக்குச் சில அங்குலமே குறைவு. மலைப்பகுதியில் விழுந்த மழையெல்லாம் ஓடைகளில் இறங்கி, ஒன்றுசேர்ந்து நம் ஊருக்கு வர அவ்வளவு நேரம். அதனால் வானத்தைப் பார்த்து ஆற்றை முடிவு செய்யாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

*

அண்ணா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் அயோவாவில், டேவன்போர்ட். இங்கே மிசிசிப்பி மெதுவாகத்தான் ஏறும், ஆனால் இறங்க மனசே வராது. 2019-ல் வெள்ள அளவான 15 அடிக்கு மேலேயே ஏறக்குறைய மூன்று மாதம் நின்றது. வடக்கே மினசோட்டா, விஸ்கான்சின் பக்கம் உருகிய பனியும் மேலே மேலே பெய்த மழையும் சேர்ந்த கூத்து.

இந்த ஊருக்கு நிரந்தர வெள்ளச் சுவர் கிடையாது. கம்பிக் கூடைகளில் மணல் நிரப்பித் தற்காலிகத் தடுப்பு வைப்பார்கள். அதற்குப் பின்னால் டவுன்டவுன் கடைகள் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தன. ஏப்ரல் 30 பிற்பகல் தடுப்பு ஒரு இடத்தில் உடைந்தது. எங்கள் அலுவலகம் கொஞ்சம் மேட்டில். ஜன்னலில் நின்று பார்த்தால், தெருவில் தண்ணீர் அலையடித்து வரவில்லை, வழுக்கிக்கொண்டு வந்தது. பழுப்பு நிறம், மேலே மரத்தூளும் காபி கப் மூடிகளும். நிறுத்தியிருந்த கார்களின் சக்கரம் மறைந்தது, அப்புறம் கதவுப் பிடி மறைந்தது. இத்தனைக்கும் உச்சம் இன்னும் வரவில்லை. மே 2 அன்றுதான் 22.7 அடி, 1993 வெள்ளத்தின் சாதனையை மிஞ்சிய அளவு.

இன்னொன்று. ஆற்று மட்டத்தைக் காட்டும் அளவுமானியில் 15 அடி என்றால் ஆற்றின் ஆழம் 15 அடி என்று நினைக்காதீர்கள். அந்த இடத்து அளவுமானியின் பூஜ்யக் குறியிலிருந்து எண்ணுவது அது. மேட்டூர் 120 அடி என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் குழப்பம் சகஜம். எந்த அளவில் உங்கள் தெரு மூழ்கும் என்பதைத் தேசிய வானிலைச் சேவையின் ஆற்றுப் பக்கத்தில் ஊர்வாரியாகவே எழுதியிருப்பார்கள். அந்த ஒரு எண்ணைத் தெரிந்துகொண்டால் போதும்.

*

நான் வடக்கு டகோட்டாவில், ஃபார்கோவில் படித்தபோது நடந்தது, 2009 மார்ச். ரெட் ரிவர் வடக்கு நோக்கி ஓடும் ஆறு. தெற்கே பனி உருகிவிடும், வடக்கே ஆறு இன்னும் உறைந்து கிடக்கும். போக வழியில்லாத தண்ணீர் பக்கவாட்டில் பரவும். ஒரு காலத்தில் பெரிய ஏரியின் அடித்தளமாக இருந்த நிலம், தட்டையோ தட்டை. அந்த வருடம் 40.84 அடி, சாதனை.

வகுப்புகளை நிறுத்திவிட்டு மணல் மூட்டை நிரப்பப் போனோம். மூட்டையை முழுசாக நிரப்பக் கூடாது, பாதிக்குக் கொஞ்சம் மேலே போதும். அப்போதுதான் தட்டையாகப் படிந்து பக்கத்து மூட்டையோடு ஒட்டும். எங்களுக்கு வந்த சோதனை குளிர். ஈர மணல் உறைந்து மூட்டைகள் பாறாங்கல்லாகிவிட்டன. அடுக்கினால் இடையில் சந்து, சந்தில் தண்ணீர். உறைந்ததைத் தரையில் அடித்து உடைத்து அடுக்கினோம். தோள்பட்டை வலி பல நாள் போகவில்லை. ஆனால் ஊரின் பெரும்பகுதி தப்பியது.

*

ஒரு சந்தேகம். வீட்டுக் காப்பீடு இதற்கெல்லாம் வருமா? பேஸ்மென்ட்டில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் இருக்கிறது, அது போதாதா?

*

வராது. சாதாரண வீட்டுக் காப்பீட்டில் ஆற்று வெள்ளம் சேராது. தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் தனியாக எடுக்க வேண்டும், அதுவும் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். செவ்வாய்க்கிழமை மழை என்று ஞாயிற்றுக்கிழமை எடுத்தால் பயனில்லை. சம்ப் பம்ப்பும் மின்சாரத்தில் ஓடுவது. இடிமழையில் முதலில் போவது மின்சாரம். பேட்டரியோடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

காரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. வேகமாக ஓடும் தண்ணீர் 6 அங்குலம் இருந்தாலே ஆள் விழுவார். 12 அங்குலம் பெரும்பாலான கார்களைத் தள்ளிவிடும், 2 அடி பெரிய வண்டிகளையே இழுத்துப் போகும். இரவில் பாலத்தடியில் நிற்கும் தண்ணீரின் ஆழம் ஹெட்லைட் வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. பின்னால் வருபவர் ஹாரன் அடித்தாலும் பரவாயில்லை, திருப்பிவிடுங்கள்.

*

அப்போ நாளைக்குக் காலையில் முதல் வேலை காப்பீட்டு முகவருக்குப் போன். எங்கள் ஊர் ஓடைக்கு அளவுமானி இருக்கிறதா என்று எங்கே பார்ப்பது? யாராவது சொல்லுங்கள்.