வீட்டில் கலந்த ஓல்ட் ஃபேஷண்ட் (விஸ்கி காக்டெயில்): உங்கள் அனுபவம்?

மில்வாக்கிவாசி:
பக்கத்து வீட்டுப் பெரியவர் கூப்பிட்டிருந்தார். டம்ளரில் சர்க்கரைக் கட்டி, அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் (துளித் துளியாகச் சேர்க்கும் கசப்பு மூலிகைச் சாரம்), ஆரஞ்சுத் துண்டு, செர்ரி எல்லாவற்றையும் போட்டு மத்தால் நசுக்கினார். இனி போர்பன் விஸ்கி வரும் என்று பார்த்தால், பிராந்தி பாட்டிலைத் திறக்கிறார்! அதன் மேல் செவன் அப் வேறு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இதுதான் வழக்கமாம். ருசியாகத்தான் இருந்தது. ஆனாலும் இதை ஓல்ட் ஃபேஷண்ட் என்று சொல்லலாமா என்று இன்னும் உறுத்துகிறது.

ரைபிரியன்:
சொல்லவே கூடாது. பழத்தை நசுக்கிச் சோடாவும் ஊற்றினால் பிட்டர்ஸின் கசப்பு எங்கே தெரியும்? போர்பன் அல்லது ரை விஸ்கி, அவ்வளவுதான்.

கென்டக்கி மருமகன்:
ரைபிரியன், அவசரப்படாதீர்கள். 1806-இல் நியூயார்க் மாநிலத்து ஹட்சன் நகரப் பத்திரிகையில் வந்த காக்டெயில் விளக்கத்தில் எந்த மதுவும் ஆகலாம் என்றுதான் இருக்கிறது. கூடவே சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ். பிராந்தியைத் தள்ள முடியாது. சோடா விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். என் மாமனார் கலந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன்: ஆரஞ்சுத் தோலை டம்ளருக்கு மேலே மடக்கிப் பிழிந்தார். எண்ணெய் பொடிப்பொடியாகத் தெறித்து விஸ்கியின் மேல் மினுமினுத்தது. குடிப்பதற்கு முன்பே மணம் மூக்கில் ஏறிவிட்டது.

பொறுமைசாலி:
நண்பர் வீட்டில் ஒருமுறை குடித்தேன். கடைசி வாயில் சர்க்கரை நறநறவென்று பல்லில் கடிபட்டது. மதுவில் சர்க்கரை எளிதில் கரையாது. அதனால் விஸ்கியை முதலில் ஊற்றாதீர்கள். கட்டியின் மேல் பிட்டர்ஸை இரண்டு மூன்று உதறு உதறி, சில துளி தண்ணீர் விட்டு, குருணை இல்லாமல் நசுக்குங்கள். அப்புறம் 45 மில்லி விஸ்கி. ஐஸ் பெரிய கட்டியாக இருக்கட்டும். சின்னது சீக்கிரம் உருகி நீர்த்துவிடும். கரண்டியால் நிதானமாகக் கலக்குங்கள், குலுக்க வேண்டாம். அவசரமென்றால் சர்க்கரைப் பாகு காய்ச்சி வைத்துக்கொள்ளுங்கள்.

ரைபிரியன்:
பாகு வேண்டாம், கட்டிதான் சரி.

வெறும்சோடா:
நான் குடிப்பதில்லை. விருந்தில் ஒருவர், "இது மூலிகைச் சாறு, உனக்கு ஒன்றும் ஆகாது" என்று சோடாவில் அங்கோஸ்டுரா பிட்டர்ஸை நிறையவே ஊற்றிக் கொடுத்தார். பாட்டிலின் கழுத்து வரை ஏறி நிற்கும் அந்தப் பெரிய லேபிளைத் திருப்பிப் பார்த்தேன்: ஆல்கஹால் 44.7 சதவீதம். விஸ்கிக்குச் சமம்! டம்ளரை அப்படியே வைத்துவிட்டேன். சில துளிகள் என்றாலும், குடிக்காதவர்களுக்குக் கொடுக்கும்முன் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.