பேனா டேப்லெட்டில் வட்டம் அகன்று விடுகிறது, கோடு நடுங்குகிறது: வழி சொல்லுங்கள்

கேள்வி (பாளையங்கோட்டை)

அனைவருக்கும் வணக்கம். முப்பது ஆண்டுகளாக மார்கழிதோறும் வாசலில் சிக்குக் கோலம் இட்டுப் பழகிய கை என்னுடையது. ஆற்றுக்குள் நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலைக் கணினியில் வரைய வேண்டும் என்ற ஆசையில், மூன்று வாரங்களுக்கு முன்பு திரையில்லாத பேனா டேப்லெட் ஒன்றை, அதாவது பேனாவால் வரைந்தால் கோடு கணினித் திரையில் விழும் பலகையை, வாங்கினேன். அதன் வரையும் பரப்பு 10 அங்குல அகலமும் 6.25 அங்குல உயரமும் உடையது. விண்டோஸ் மடிக்கணினியில், இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளைப் போட்டிருக்கிறேன். படம் பெரிதாகத் தெரியட்டும் என்று பழைய மானிட்டர் ஒன்றையும் பக்கத்தில் இணைத்திருக்கிறேன்.

வட்டம் போட்டால் அது அகலவாக்கில் படுத்துவிடுகிறது. மண்டபத் தூணின் நெட்டுக்கோடு பாதியில் நடுங்குகிறது. பேனாவை அழுத்தினாலும் மெல்ல வைத்தாலும் கோடு ஒரே தடிமனில்தான் விழுகிறது; ஓரிடத்தில் சற்று நிறுத்தினால் சிறு வளையம் ஒன்று தோன்றி, கோடு தாமதமாகத் தொடங்குகிறது. விற்ற கடையில் கேட்டதற்குப் பழகப் பழகச் சரியாகும் என்றார்கள். தினமும் ஒரு மணி நேரம் பழகியும் மாற்றம் இல்லை. குறை கையிலா, கருவியிலா என்று தெரிந்தால் அதற்கேற்ப உழைப்பேன்.

பதில் (அம்பாசமுத்திரம்)

வணக்கம் அக்கா. முதலில் கையை ஒதுக்கிவிட்டுக் கருவியைச் சோதிப்போம். வட்டமான பிளாஸ்டிக் மூடி ஒன்றை டேப்லெட்டின் மேல் வைத்து, அதன் விளிம்பை ஒட்டிப் பேனாவைச் சுற்றுங்கள். எவர்சில்வர் மூடி வேண்டாம். உலோகம் பேனாவின் சமிக்ஞையைக் குழப்பக்கூடும். மூடியைச் சுற்றியும் வட்டம் அகன்றே வந்தால், கையின் மேல் பழி இல்லை.

நீங்கள் மானிட்டரைக் குறிப்பிட்டதால் என் சந்தேகம் அங்கேதான் செல்கிறது. இரண்டு திரைகள் இருக்கும்போது பல டேப்லெட்டுகள் தம் முழுப் பரப்பையும் இரண்டு திரைகளுக்கும் சேர்த்துப் பங்கிட்டுவிடும். இரண்டும் 1920×1080 அளவானால், மொத்த அகலம் 3840 புள்ளிகள், உயரம் அதே 1080 புள்ளிகள்தான். உங்கள் டேப்லெட்டின் அகலம் உயரத்தைப் போல் 1.6 மடங்கு; அந்த இரட்டைத் திரையின் அகலமோ உயரத்தைப் போல் ஏறத்தாழ 3.56 மடங்கு. ஆகவே வட்டம் அகலத்தில் இரண்டு மடங்குக்கும் மேலாக இழுபடும். டேப்லெட்டைக் கணினியுடன் இணைத்து இயக்கும் மென்பொருளான டிரைவரின் அமைப்பில், வரையும் பரப்பை ஒரே திரைக்கு மட்டும் ஒதுக்குங்கள். அதன்பிறகும் சிறு வேறுபாடு நிற்கும்; ஒரு திரையின் அகலம் உயரத்தைப் போல் ஏறத்தாழ 1.78 மடங்கு, டேப்லெட்டோ 1.6 மடங்கு. விகிதத்தைக் காக்கும் தெரிவு இருந்தால் அதை இயக்குங்கள், இல்லையேல் பயன்படும் உயரத்தை நீங்களே 5.625 அங்குலமாகக் குறைத்துவிடுங்கள். கீழே அரை அங்குலத்துக்குச் சற்று மேல் வீணாகும். அதற்காக வருந்த வேண்டாம். கை ஓர் அங்குலம் நகர்ந்தால் திரையில் எத்திசையிலும் ஒரே அளவு நகர வேண்டும் என்பதே முக்கியம். இந்தக் கணக்கு தவறியிருக்கும்வரை எத்தனை மணி நேரம் பழகினாலும் கை கற்றுக்கொள்வது தவறான அளவைத்தான்.

அழுத்தத்துக்கு: டிரைவரின் சோதனைக் கட்டத்தில் அழுத்தம் ஏறி இறங்குவது தெரிந்தால் பேனாவில் பழுதில்லை. கிரிட்டாவின் அமைப்புகளில் டேப்லெட் பகுதிக்குச் சென்று, பேனாவின் அழுத்தத்தை மென்பொருளுக்குக் கொண்டு செல்லும் வழிகளான விண்டேப், விண்டோஸ் இங்க் ஆகிய இரண்டில் இப்போது தெரிவாகாததைத் தேர்ந்து, மென்பொருளை மூடித் திறந்து பாருங்கள். டிரைவரிலும் அதே வழிதான் தெரிவாகியிருக்க வேண்டும். அந்த வளையம், பேனாவை அழுத்திப் பிடித்தால் வலது சொடுக்காகக் கொள்ளும் விண்டோஸின் வசதி. கண்ட்ரோல் பேனலில் பேனா, தொடுகை அமைப்புக்குள் அதை நிறுத்திவிடலாம்.

கேட்டவர்

அண்ணாச்சி, மிக்க நன்றி. ஊறுகாய் பாட்டில் மூடியை வைத்துச் சுற்றினேன். அதுவும் முட்டையாகவே வந்தது. மூன்று வாரமாக என் கையையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஒரே திரைக்கு மாற்றி, உயரத்தையும் குறைத்தவுடன் வட்டம் வட்டமாகிவிட்டது. விண்டேப் வழிக்கு மாற்றியதில் அழுத்தமும் வேலை செய்கிறது, வளையமும் போய்விட்டது. நெட்டுக்கோட்டின் நடுக்கம் மட்டும் தீரவில்லை. வலப்பக்கம் சற்றுச் சாயவும் செய்கிறது. பத்தமடைப் பாயில் அமர்ந்து, டேப்லெட்டை மடியில் வைத்து வரைகிறேன்.

பதில் (கல்லிடைக்குறிச்சி)

அக்கா, சாய்வுக்குக் காரணம் அந்த மடிதான். கண் திரையிலும் கை மடியிலும் இருக்கும்போது டேப்லெட் சிறிது திரும்பினாலும், நேராக இழுத்த கோடு திரையில் சாய்ந்துதான் விழும். பாயிலேயே அமருங்கள்; ஆனால் முன்னால் தாழ்ந்த மேசை ஒன்றைப் போட்டு, டேப்லெட்டின் மேல் விளிம்பு திரையின் விளிம்புக்கு இணையாக இருக்குமாறு வையுங்கள்.

நடுக்கத்துக்கு உங்களிடமே மருந்து இருக்கிறது. கோலம் இடும்போது நீங்கள் மணிக்கட்டை மட்டும் அசைப்பதில்லை. இடுப்பை வளைத்து, தோளிலிருந்து கை முழுவதும் சுழல, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே மாவு இறங்கிக்கொண்டே போகிறது. டேப்லெட்டில் பேனாவை இறுகப் பிடித்து, விரலால் மெல்ல மெல்லத் தள்ளுகிறீர்கள் என்று நினைக்கிறேன். மெதுவாக இழுக்கும் நீண்ட கோடு எவருக்கும் நடுங்கும். பிடியைத் தளர்த்தி, முழங்கையைத் தூக்கி, கோடு எங்கே முடிய வேண்டுமோ அந்த இடத்தில் கண்ணை வைத்து ஒரே வீச்சில் இழுங்கள்; தவறினால் அழித்துவிட்டு மீண்டும் இழுங்கள். படத்தை அதிகமாகப் பெரிதாக்கி வரைவதையும் தவிருங்கள். சிறு அதிர்வும் அங்கே பெரிதாகத் தெரியும்.

தூரிகையின் தெரிவுகளில் கோட்டை மென்மையாக்கும் வசதி உண்டு. அதைச் சிறிதளவு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் கோடு பேனாவுக்குப் பின்னால் தயங்கித் தயங்கி வரும், வளைவுகளின் கூர்மையும் மழுங்கும். பயிற்சிக்கு ஐந்துக்கு ஐந்து புள்ளிக் கோலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிரிட்டாவில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கண்ணாடித்தாள் போல அடுக்கும் லேயர்கள் உண்டு; கீழ் லேயரில் புள்ளிகளை வைத்துப் பூட்டிவிட்டு, மேல் லேயரில் சிக்கைப் போடுங்கள். கையைப் பார்க்காமலே நினைத்த இடத்தில் பேனாவைக் கொண்டு சேர்க்கும் பழக்கம், புள்ளியைச் சுற்றி வளைந்து செல்லும்போது தானே வரும்.

கேட்டவர்

தங்கையே, பத்து நாள் உங்கள் சொற்படி செய்தேன். முதல் நான்கு நாள் சிக்கின் வளைவுகள் புள்ளியில் இடித்தன. ஏழாம் நாள், தொடங்கிய இடத்துக்கே கோடு வந்து மூடியது. அடுத்தடுத்து மூன்று முறை அப்படியே வந்தது. நேற்று மேல் லேயர் ஒன்றில், 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய அந்த மண்டபத்தின் முன்தூண் ஒன்றை ஒரே வீச்சில் இழுத்தேன். அடியில் அழுத்தி, மேலே போகப் போக மெல்லியதாக்கினேன். கல்லின் கனம் கோட்டில் தெரிந்தது. பேனா வழுக்குவதால் டேப்லெட்டின் மேல் வெள்ளைத்தாளை ஒட்டியிருக்கிறேன்; அதனால் கெடுதல் உண்டா?

பதில் (அம்பாசமுத்திரம்)

டேப்லெட்டுக்குக் கெடுதல் இல்லை அக்கா. பேனாவின் முனையான நிப் மட்டும் விரைவில் தேயும். ஒரு பக்கம் சரிவாகத் தேய்ந்து விளிம்பு கூர்மையாகிவிட்டால் பரப்பைக் கீறும். அதற்கு முன் மாற்றிவிடுங்கள். பெட்டிக்குள் மாற்று நிப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.